முதலில் கோப்பை கழுவுங்கள், தம்பி

கிழக்கிலங்கைத் தம்பிலுவிலில் இருந்து ரொறன்ரோ வந்து மூன்று மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்துச் சேர்ச் வாசலில் வானவில் கொடி, எல்லாரும் வரலாம் என்று பலகை. புதன்கிழமை இலவசச் சாப்பாடு, அகதிக் குடும்பங்களுக்கு உதவி. "நான் சைவக்காரன். உதவிக்குப் போனால் மதம் மாற்றிவிடுவார்களா அக்கா?"

மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கு பார்த்துவிட்டு, அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். பதினெட்டு வருடமாக அப்படியொரு சேர்ச்சுக்குப் போகிறேன். இன்னும் நெற்றியில் திருநீறுதான்.

நீங்கள் சொல்வது யுனைட்டட் சேர்ச்சாக இருக்கலாம். மெதடிஸ்தரும் வேறு சபைகளும் 1925 இல் கனடாவில் ஒன்றாகி உருவானது. மட்டக்களப்பில் 1814 இல் மெதடிஸ்த மத்திய கல்லூரியைத் தொடங்கியவர்களின் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒருபாலினக் காதலர்களும் அங்கத்தவராகலாம், போதகராகலாம் என்று 1988 இல் முடிவெடுத்தார்கள். அன்று கோபித்துக்கொண்டு விலகியவர்கள் ஏராளம். அதனால் அந்தக் கொடியைச் சும்மா அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் இப்போதே யோசியுங்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழி வம்சத்துக்கு, எந்த நாள் பூசை, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார் என்று எல்லாம் முன்பே தீர்ந்திருக்கும். அந்தச் சேர்ச்சில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: புதன்கிழமை வர முடியுமா?

மதத்தை விட எனக்குப் பயம் வேறொன்றில். போன முதல் வருடமே, காசு சேர்க்கும் விருந்தில் என்னை மேடையேற்றிப் போர்க் கதை சொல்லச் சொன்னார்கள். 1990 இல் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். அழுதார்கள், காசோலை எழுதினார்கள். அடுத்த கிழமையிலிருந்து என் பெயர் போய்விட்டது. "சிறிலங்காவில் அத்தனையையும் பார்த்த பிள்ளை" என்றுதான் அறிமுகம். கெட்ட மனிதர்கள் இல்லை. ஆனாலும் நான் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

திரும்பிப் போனபோது நேரே குசினிக்குள் போய்விட்டேன். கனடா வந்தும் கோப்பை கழுவுவதா என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் கோப்பை கழுவுகிறவளிடம்தான் தேங்காய் விலையும் முழங்கால் வலியும் பேசுவார்கள்.

2016 இல் எங்கள் சேர்ச் பொறுப்பெடுத்து அழைத்த சிரிய அகதிக் குடும்பம் வந்தது. கனடாவில் இந்த வழி புதிதில்லை, 1979 இல் வியட்நாம் அகதிகளையும் இப்படித்தான் சேர்ச்சுகள் அழைத்தன. குழுவில் சட்டி பானை முதல் திரைச்சீலை வரை முன்கூட்டியே வாங்கிவைக்கப் புறப்பட்டார்கள். சுனாமி முகாமில் வேகுகிற வெயிலில் எனக்குக் கிடைத்த பார்சலில் கம்பளிச் சட்டை இருந்தது. அதைச் சொன்னேன், மேடைக் குரலில் இல்லை, கோப்பை துடைத்தபடி. காசைக் கையில் கொடுத்துக் கடைக்குக் கூட்டிப்போவோம் என்று முடிவானது. அந்தத் தாய் முதலில் எடுத்தது ஒரு பெரிய சோற்றுப் பானை. எங்கள் பட்டியலில் அது இருக்கவேயில்லை.

வாடகை உயர்வுக்கு எதிராக மனு எழுதும் கூட்டங்களுக்கும் கூப்பிடுவார்கள். நீளும், கோப்பியும் தண்ணீர்தான். அதற்கு அப்புறம் போகலாம்.

சரி, இந்தப் புதன் பின்னேரம் நாலு மணிக்கே போங்கள். சாமான் பெட்டி இறக்க ஆள் எப்போதும் காணாது. கையுறை கொண்டுபோங்கள்.