சேமலாப நிதியில் கை வைக்காதீர்கள், ஐயா

சனிக்கிழமை ஹட்டனில் மகளின் படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைத் தேடி வந்த தகப்பனார், 32 ஆண்டுத் தோட்ட உழைப்பின் சேமலாப நிதிப் பத்திரத்தை மேசைமேல் வைத்தார். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் மகளின் இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்கு எட்டவில்லை. கொழும்பு மைத்துனர் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு முகவர் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறாராம். கண் கலங்கினார். தேற்றத்தான் வாயெடுத்தேன், அந்தப் பத்திரத்தைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது.

ஐயா, அது உங்கள் முதுமைக்கான சோறு. அங்கே பட்டம் வாங்கி வந்தாலும், இங்கே இன்னொரு பரீட்சையில் சித்தியடைந்தால்தான் வைத்தியராகப் பதியலாம். மைத்துனர் இதைச் சொன்னாரா?

மகளோ இதற்குள் என் படிவத்தின் பின்பக்கத்தில் நீர் மூலக்கூறுகளை வரைந்துகொண்டிருந்தாள், காது முளைத்த எலித்தலைகள் போல. "திரிப்தோபனில் ஒளி பட்டு இலத்திரன் போய்விட்டால் சுற்றியிருக்கும் நீர் என்ன செய்யும், சேர்?"

இந்தக் கேள்வியை வைத்தே பிழைக்கிற இரசாயனவியலாளர்கள் உலகில் இருக்கிறார்கள். திரிப்தோபன் ஓர் அமினோ அமிலம், புரதத்தின் கட்டுமானக் கற்களில் ஒன்று. நீரிலுள்ள அமினோ அமிலத்துக்கு ஒரு முனை நேரேற்றம், மறுமுனை எதிரேற்றம். நேர் முனைக்கு ஒட்சிசனையும் எதிர் முனைக்கு ஐதரசனையும் காட்டி நீர் சூழ்ந்து நிற்கும். திரிப்தோபனின் வளையம் 280 நனோமீற்றரை அண்டிய புறஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். சக்தி போதுமானால் அதிலிருந்து ஓர் இலத்திரன் கழன்றுவிடும். நேரேற்றம் பெற்ற வளையத்தின் பக்கம் அருகிலுள்ள நீர் ஒட்சிசனைத் திருப்பும். ஓடிய இலத்திரனை வேறு நீர் மூலக்கூறுகள் ஐதரசனை உள்நோக்கி நீட்டிக் கூண்டுபோல் வளைத்துப் பிடிக்கும். பிடிபட்ட இலத்திரன் 720 நனோமீற்றர் அருகே சிவப்பு ஒளியை விழுங்கும். 1962இல் அது அகப்பட்டதும் அந்த அடையாளத்தால்தான். நீரின் இந்தப் புரளலைப் பிக்கோ செக்கன் கணக்கில், அதாவது செக்கனை இலட்சம் கோடியாகப் பிரித்த கணக்கில், பார்க்க இரண்டு லேசர் துடிப்புகள் வேண்டும்: ஒன்று அடிக்கும், மற்றது சற்றுப் பிந்தி வந்து வேவு பார்க்கும்.

ஆசிரியர் நியமனம், தாதியர் பயிற்சி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப வரிசையில் பேராதனை விஞ்ஞான பீடத்தை மேலே எழுதுங்கள். உயிரியல் பிரிவுப் பிள்ளையும் அங்கே இரசாயனவியல் எடுக்கலாம். கற்பித்தல் கட்டணம் கிடையாது, மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தோடு நின்றுவிடாமல் நான்காண்டு விசேட பட்டம் பெற வேண்டும். கணிதத்தில் அவள் பலவீனம், இன்றே தொடங்கட்டும். லேசர் ஆய்வுக்குக் கடல் கடக்க வேண்டிவரும். ஆனால் அமெரிக்காவில் இரசாயனவியல் கலாநிதிப் படிப்புக்கு, கற்பித்தலில் உதவுவதற்கு ஈடாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவது வழக்கம். போகாவிட்டாலும் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலும் இரசாயனவியல் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது.

முகவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். மைத்துனரை என்னோடு பேசச் சொல்லுங்கள். மகள் போகும்போது அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் போனாள், பின்பக்கம் வேண்டுமாம்.