காதுக் கருவியை மறைக்கச் சொல்லாதீர்கள்

அம்மா, "இன்டர்வியூவுக்கு முடியை விரித்துவிட்டுப் போ, கருவி தெரியாது என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் இப்படித்தான் மறைத்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தாள். மேலாளர் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். போனில் அறுபது என்று சொன்னால் எழுபது என்று குறித்துக்கொள்வாள். 'திமிர் பிடித்தவள்', 'கவனமே இல்லை' என்று பேர் வாங்கினாள். காதுதான் காரணம் என்று தெரிந்திருந்தால் பக்கத்து மேசைக்காரராவது முன்னால் வந்து நின்று பேசியிருப்பார். நாலாவது மாதம் வேலையை விட்டுவிட்டாள். அந்த நான்கு மாதமும் அவள் பட்ட பாடு எனக்கு இன்னும் வலிக்கிறது.

உங்கள் மகள் இதை நாலே வரியில் சொல்லலாம்: "எனக்கு இரண்டு காதும் கொஞ்சம் மந்தம். முகம் பார்த்துப் பேசினால் நன்றாகப் புரியும். மீட்டிங்கில் முடிவானதை மெயிலில் அனுப்பினால் போதும். கணக்கு வேலையில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை." அறையில் மின்விசிறி இரைந்தால், "கொஞ்சம் கிட்டே வந்து உட்காரட்டுமா?" என்று கேட்கட்டும். குறையைச் சொன்ன கையோடு அதற்கான வழியையும் சொல்லிவிட்டால், கேட்பவருக்குத் தயக்கம் குறையும்.

சட்டமும் அவள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், இதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். அவர் யார் என்று மனிதவளத் துறையில் கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம் அந்த அட்டை. 'முத்திரை குத்திவிடுவார்கள்' என்று, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யூடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்காமலே இருக்கிறீர்கள். டாக்டர் குறைபாடு 45 சதவீதம் என்று சொல்லியிருக்கிறார் அல்லவா? 40 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தவர்களுக்கு. பிறகு அரசுத் தேர்வு எழுத நினைத்தால் இது கைகொடுக்கும். உடனே விண்ணப்பியுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள், யாரிடமும் பேசுவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க உதட்டசைவைப் பார்த்து, பாதி கேட்டு, மீதியை ஊகித்து நடப்பது மூளைக்குப் பெரிய வேலை. கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் அமைதியாக இருக்க விடுங்கள். வேலைக்குப் போன பிறகு இந்தக் களைப்பு இன்னும் கூடலாம். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்தாலோ, எதிலும் பிடிப்பில்லை என்று அவள் சொன்னாலோ, டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி மையமான டெலி மனஸ் எண் 14416-க்கும் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். போனில் பேசுவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தால் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முடியை இழுத்துப் பின்னிவிட்டு, அந்த நாலு வரியை உங்களிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.