நண்டைக் கண்டு அலறும் மகளை அக்வேரியத்துக்குக் கூட்டிப்போவது எப்படி?

விடுமுறைக்குத் தொட்டுப் பார்க்கும் அக்வேரியத்துக்குப் போறோம், ஆனா ஆறு வயசு மக நண்டைப் பார்த்தாலே அலறுறான்னு எழுதியிருந்தீங்க. அங்கே போய் அவ கையைப் பிடிச்சுத் தொட்டிக்குள்ளே விட்டுடாதீங்க, பயம் இன்னும் கூடும்.

கடலூர்லதானே இருக்கீங்க? முதல்ல ஒரு சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போங்க. காலடி அதிர்ந்தாலே மணல் நண்டு வளைக்குள்ளே ஓடி ஒளியும். அதுதான் தன்னைப் பார்த்துப் பயப்படுதுன்னு அவளே கண்டுபிடிக்கட்டும். பாதி பயம் அங்கேயே போயிடும்.

தொட்டியில நட்சத்திர மீன்ல ஆரம்பிங்க. கடிக்காது, ஓடாது. ரெண்டு விரலால முதுகை வருடினா சொரசொரன்னு இருக்கும். தயவுசெய்து தூக்க விடாதீங்க. அடியில நூற்றுக்கணக்கான குழாய்க்கால்களால பாறையைப் பிடிச்சிருக்கும், பிடுங்கினா அறுந்துபோகும். தோல் வழியாவும் சுவாசிக்கிற உயிர் அது, அதனால சானிடைசர், சன்ஸ்கிரீன் பட்ட கை கூடவே கூடாது. தொடும் முன்னே வெறும் தண்ணியில கழுவணும், தொட்ட பிறகு சோப்பு.

அசையாத உயிரினங்களை முதல்ல காட்டணும்னா பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருக்கு, அங்கே அருங்காட்சியகமும் உண்டு. பார்வை நேரத்தைப் போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க.