அம்மாவின் படபடப்பும் கெல்ப் மாத்திரையும்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பன்னிரண்டு வருஷமாகக் கழுத்தில் தைராய்டு கட்டி இருக்கிறது. டெஸ்ட் நார்மல் என்பதால் மருந்து எதுவும் இல்லை. கடற்பாசி கட்டியைக் கரைக்கும் என்று வீடியோவில் பார்த்து, கெல்ப் என்ற கடற்பாசியின் மாத்திரை (ஒன்றில் 325 மைக்ரோகிராம் அயோடின்) தினமும் இரண்டு வீதம் ஏழு வாரமாகக் கொடுத்தேன். இப்போது படபடப்பு, முடி உதிர்வு, வாயு. நோன்பு சமயத்தில் பக்கத்து வீட்டில் கொடுத்த கடல்பாசியும் சாப்பிட்டார். பாசியில் புரதம் அதிகம் என்கிறார்கள், ஆர்செனிக் என்ற நச்சும் இருக்கிறதாமே? பக்கத்து வீட்டு அக்காவின் படபடப்பு மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

பதில்: அக்காவின் மாத்திரையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது ப்ரோப்ரனலால் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) வகையாக இருந்து, அம்மாவுக்கு வீசிங்கும் இருந்தால், பாதி மாத்திரையே மூச்சுக்குழலை இறுக்கிவிடும். கெல்ப்பை இன்றோடு நிறுத்துங்கள். பாட்டிலை மட்டும் எறிய வேண்டாம், டாக்டர் லேபிளைப் பார்க்க வேண்டும்.

நாம் கொடுத்ததால்தானோ என்பதுதான் உங்கள் பயம். அநேகமாக அப்படித்தான். ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்; நீங்கள் கொடுத்தது 650. அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்கும். அந்தக் கணக்கில், அம்மா தினமும் 43 கிராம் உப்பைக் கூடுதலாக விழுங்கியதற்குச் சமம். சாதாரண தைராய்டு, அயோடின் மிதமிஞ்சினால் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய கட்டியில் உள்ள சில முடிச்சுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சரக்கு வந்து இறங்கினால் ஹார்மோனாக மாற்றித் தள்ளிக்கொண்டே இருக்கும். கட்டி கரையாது, இதயம்தான் ஓடும்.

முதலில் கவனிக்க வேண்டியது நாடியைத்தான். பத்து நிமிடம் உட்கார வைத்து, காபி டீ கொடுக்காமல், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முழு 60 விநாடி எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தாளம் தப்புவது தெரியாது. நூறைத் தாண்டினால் அன்றைக்கே இசிஜியும், டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைகளும் பார்க்க வேண்டும். ஒரு துடிப்பு சீக்கிரம், அடுத்தது தாமதம் என்று தாறுமாறாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இதய மேலறை அப்படித் துடிக்கும்போது உள்ளே ரத்தம் உறையலாம். அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

மாத்திரையை நிறுத்தினாலும் உடம்பில் சேர்ந்த அயோடினின் வேகம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். முதல் டெஸ்ட் நார்மல் என்று விட்டுவிடாமல், நாலு முதல் ஆறு வாரத்தில் திரும்பப் பாருங்கள். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் கொடுத்துக்கொண்டிருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள். சில லேப் முறைகளில் அது இல்லாத தைராய்டு மிகுதியைக் காட்டும். அணுக்கதிர் தைராய்டு ஸ்கேன் எழுதினாலும், சிடி ஸ்கேனுக்கு மருந்து ஏற்றும் பேச்சு வந்தாலும், கெல்ப் விஷயத்தை முதலில் சொல்லுங்கள். முன்னதில் படம் தவறாக வரும். பின்னதில் ஏற்றும் மருந்தே கிராம் கணக்கில் அயோடின்.

மற்றவை சில்லறைக் கவலைகள். நோன்பில் சாப்பிட்ட கடல்பாசி, பாலில் காய்ச்சி உறைய வைக்கும் அகர் அகர்தான். பெரும்பாலும் நார்ச்சத்து, அயோடின் சொற்பம். அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும், அவ்வளவே. ஆர்செனிக் பயம் முக்கியமாக ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசிக்குத்தான். பாசியில் புரதம் கொட்டிக் கிடக்கிறது என்பது உலர்ந்த நூறு கிராம் கணக்கு. நோரி என்ற உலர்ந்த பாசித் தாள் ஒன்று மூன்று கிராம்கூட வராது. அதில் கிடைப்பது ஒரு கிராம் புரதம், முட்டையில் ஆறு. ருசிக்காகச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். ஆனால் இயற்கைப் பொருள்தானே என்று காசிமேடு, எண்ணூர் கற்களில் படரும் பச்சைப் பாசியைச் சுரண்டி எடுத்து வராதீர்கள். தண்ணீரில் உள்ள உலோகத்தைப் பாசி இழுத்து வைத்துக்கொள்ளும். எத்தனை முறை அலசினாலும் அது போகாது.

வீட்டில் அயோடின் உப்பை மாற்ற வேண்டாம்.