பழைய சாரத்தில் தைத்த கவுணுக்கு இவ்வளவு விலை தகுமா?

கேள்வி: பழைய துணியிலும் கைத்தறியிலும் சொந்தமாக உடுப்பு வடிவமைத்துத் தைக்கிறவர்களிடம் வாங்குவது விலைக்குத் தகுமா? மட்டக்களப்புப் பக்கம் இருந்துகொண்டு நாமும் இதில் இறங்கலாமா?

தகும். ஆனால் எல்லாப் பழைய துணிக்கும் தகாது. நான் கல்லடியில் வீட்டிலிருந்து தைக்கிறவள். ஆறு வருடமாகப் பழைய சாரம் (லுங்கி), நூல் சீலை, கார்மென்ட்ஸ் வெட்டுத்துண்டு, இவைதான் என் சரக்கு.

முதல் ஓடரே சொதப்பல். பழைய நூல் சீலை ஒன்றில் கவுண் தைத்துக் கொடுத்தேன். கலியாண வீட்டில் கதிரையில் இருந்ததும் முதுகுப்பக்கம் சர்ரென்று கிழிந்துவிட்டதாம். தையல் அப்படியே இருந்தது, துணிதான் விட்டுவிட்டது. அலுமாரியில் வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் நூல் இற்றுப்போகும். அதே கோடு நடுமுதுகில் வரும்படி வெட்டியிருக்கிறேன்! காசைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது எந்தத் துணியையும் முதலில் யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் கூடுதலாக வருகிற இடத்தைச் சோக்கால் வளைத்துவிட்டு, மற்ற இடத்தைப் பெருவிரல்களால் இழுத்துப் பார்ப்பேன்.

எனக்குப் பிடித்தது மருதமுனைக் கைத்தறிச் சாரம். தையலைப் பிரித்தால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் துணி கிடைக்கும். இடுப்பில் செருகுகிற மேல்பக்கமும் உட்காருகிற இடமும் தேய்ந்திருக்கும்; கீழ்ப்பக்கம் பெரும்பாலும் புதிதுபோல இருக்கும். தொல்லை தருவது கட்டம்தான். எல்லாத் தையலிலும் கட்டத்தைப் பொருத்தப் போனால் துணி காணாது. அதனால் நெஞ்சுத்துண்டை மூலைவாட்டில் வெட்டிவிடுவேன். கட்டம் வைரமாகிவிடும், பிழை பிடிக்க ஆளில்லை.

மருதமுனையில் நெசவுசெய்கிற காக்கா (முஸ்லிம் அண்ணர்) ஒருவர் ஒருமுறை கேட்டார்: "தங்கச்சி, நீங்க பழசையே தைச்சா எங்கட தறி என்னத்துக்கு?" நியாயமான கேள்வி. அன்றிலிருந்து தறியில் பாவு (நீளவாட்டு நூல்) முடிகிற இடத்தில் மிஞ்சும் துண்டுகளை அவரிடமே காசுக்கு வாங்குகிறேன். அவர் இறுக்கி நெய்ததால்தானே இருபது வருடத்துக்குப் பிறகும் அந்தச் சாரம் என் மெசினுக்கு வருகிறது.

கொழும்புப் பக்கம் இது நன்றாகவே ஓடுகிறது. கைத்தறி நிறங்களைப் பார்க்க பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய 'பெயார்ஃபூட்' (Barefoot) கடை, தொழிற்சாலை மிச்சத்துணியில் வேலைப்பாட்டைப் பார்க்க உடுப்பு வடிவமைப்பாளர் லொனாலி ரொட்ரிகோவின் உடுப்புகள். பார்த்துப் படியுங்கள், அந்த விலையை மட்டும் இங்கே சொல்லிப் பார்க்காதீர்கள்.

விலைக்கு வருவோம். புதுத்துணியில் ஒரு கவுண் எனக்கு மூன்று மணித்தியாலம். பழசென்றால் பிரிக்க, கழுவ, சோதிக்க இன்னும் அரைநாள். "பழைய துணிதானே, ஏன் இந்த விலை" என்று கேட்காத ஆளில்லை. காத்தான்குடிக் கடைத்தெருவில் இதைவிட மலிவாகப் புதுக் கவுண் கிடைக்கும், அதையும் மறைக்கமாட்டேன்.

வாங்குவதானால் உடுப்பை உள்ளே திருப்பிப் பாருங்கள். ஓரம் அடித்திருக்கிறதா, ஒட்டுச் சேர்கிற இடம் மடித்துத் தைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இது முன்பு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். தைத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் கேட்டால் யாருடைய அப்பா கட்டிய சாரம் என்பதுவரை சொல்லிவிடுவேன், சிலருக்கு அது பிடிப்பதில்லை.