நல்லவர் அடித்தால் வலி குறையுமா?

வாசகர் கேள்வி – பதில்

ஐயா, நாங்கள் மெல்பர்னில் வசிக்கிறோம். என் மகன் இங்கே பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் அணியில் ‘ஃபுட்டி’ எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடுகிறான். சென்ற மாதம் எதிரணிப் பையன் முழங்கையால் முகத்தில் இடித்ததில் என் மகனுக்கு உதடு கிழிந்து நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அந்தப் பையன் தங்கமானவன் என்று அவனுடைய பயிற்சியாளரும் ஆசிரியரும் கடிதம் கொடுத்ததால், விசாரணையில் அவனுக்கான தடை பாதியாகக் குறைந்துவிட்டது. “குணம்நாடிக் குற்றமும் நாடி என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார், விட்டுவிடு” என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஆறவில்லை. நான் நினைப்பது தவறா?
– ஒரு தாய், மெல்பர்ன்

தவறில்லை அம்மா. உங்கள் கணவர் சொன்ன குறள் ‘தெரிந்துதெளிதல்’ என்ற அதிகாரத்தில், ஒரு பொறுப்புக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய நிறைகுறைகளை எடைபோட்டு முடிவு செய்யச் சொல்லும் இடத்தில் வருகிறது. குற்றத்தை விசாரிப்பவருக்கு வள்ளுவர் சொல்வது ‘செங்கோன்மை’யின் முதற்குறளில் இருக்கிறது: “ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை.” யாராக இருந்தாலும் தாட்சண்யம் பார்க்காமல் ஆராய்ந்து செய்வதே முறை என்பது அதன் பொருள்.

உங்கள் ஊரிலேயே இந்தக் கேள்வி பெரிய அளவில் எழுந்தது. 2017 ஜூன் மாதம் ரிச்மண்ட் அணிக்கும் கார்ல்டன் அணிக்கும் நடந்த ஃபுட்டி ஆட்டத்தில், தன்னைப் பிடித்துக்கொண்டிருந்த கார்ல்டன் வீரர் ஜெட் லாம்பிடமிருந்து விடுபட முயன்ற ரிச்மண்ட் வீரர் பச்சார் ஹூலி, கையைப் பின்னால் வீசினார். அது லாம்பின் தலையில் பட்டது. தரையில் விழுந்த லாம்ப் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்பவே இல்லை. ஹூலி இறைப்பற்று மிக்க இஸ்லாமியர். இளைஞர்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். அவருடைய நன்னடத்தைக்குச் சான்றாக அன்றைய பிரதமர் மால்கம் டர்ன்புல்லின் பாராட்டுரையும் ஊடகவியலாளர் வலீத் அலியின் சாட்சியமும் வீரர்களின் தவறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்டன. தீர்ப்பாயம் இரண்டு ஆட்டத் தடை மட்டுமே விதித்தது. அது போதாது என்று, போட்டிகளை நடத்தும் ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) அமைப்பே மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு வாரியம் தடையை நான்கு ஆட்டங்களாக உயர்த்தியது.

அந்த உயர்வு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஹூலி நல்ல மனிதர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அங்கே விசாரிக்கப்பட்டது அவருடைய வாழ்க்கை அல்ல, ஒரு கைவீச்சு. பிரதமரின் பாராட்டு எல்லா வீரர்களுக்கும் கிடைத்துவிடாது. நேற்று அணிக்கு வந்த, கிராமத்துப் பின்னணி கொண்ட, நாலு பேருக்கு முன்னால் பேசத் தயங்கும் இளைஞன் ஒருவன் அதே தவற்றைச் செய்தால் அவனுக்காகக் கடிதம் எழுத யார் இருக்கிறார்கள்? இப்படிப் பார்த்தால், குணத்துக்குத் தரும் சலுகை என்று நாம் நினைப்பது பல நேரங்களில் அறிமுகத்துக்குத் தரும் சலுகையாகவே முடிகிறது. அடிபட்டவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2021 முதல் ஏ.எஃப்.எல். விதிப்படி மூளை அதிர்ச்சிக்கு உள்ளான வீரர் குறைந்தது 12 நாட்கள் ஆடக் கூடாது. அந்த 12 நாட்களில் ஒரு நாளைக்கூட எந்த நன்னடத்தைச் சான்றிதழாலும் குறைக்க முடியாது. உங்கள் மகனின் உதட்டுத் தையல்களும் அப்படித்தான். அடித்த பையனைப் பற்றி ஆசிரியர் என்ன எழுதினார் என்பதைப் பொறுத்து அவை ஆறப்போவதில்லை.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் அப்பழுக்கில்லாமல் ஆடிய வீரருக்கு, முதல் தவற்றுக்கே முழுத் தண்டனை கொடுப்பது கொடுமை அல்லவா? அந்த ஒழுக்கத்துக்கு மதிப்பே இல்லையா?
– உடற்கல்வி ஆசிரியர், தென்காசி

மதிப்பு உண்டு, ஐயா. ஆனால் அதை எந்தக் கட்டத்தில் கணக்கில் எடுப்பது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். களத்துக்கு வெளியே செய்த தொண்டும் களத்தில் காத்த ஒழுங்கும் ஒன்றல்ல. முன்னதற்கு இங்கே வேலையே இல்லை. பின்னது, நடந்தது வேண்டுமென்றே செய்த தாக்குதலா, கவனக்குறைவா என்று தீர்மானிக்கும்போது உதவும். இருநூறு ஆட்டங்களில் ஒருவரையும் அடிக்காதவர் இப்போது மட்டும் குறிவைத்து அடித்திருப்பாரா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் வேண்டுமென்றே செய்தார் என்று முடிவான பிறகு, அதே பதிவைத் தண்டனைக் குறைப்புக்காக மீண்டும் நீட்டக் கூடாது.

2018 ஆகஸ்டில் பெர்த் நகரில் நடந்ததைப் பாருங்கள். வெஸ்ட் கோஸ்ட் அணியின் ஆண்ட்ரூ காஃப் அதுவரை ஒருமுறைகூடத் தடை பெறாதவர். அவர் விட்ட ஒரு குத்தில், ஃப்ரீமான்டில் அணியின் 18 வயது ஆண்ட்ரூ பிரேஷாவுக்குத் தாடை உடைந்து மூன்று பற்கள் இடம் பெயர்ந்தன. மார்பைத்தான் குறிவைத்தேன் என்றார் காஃப். அவர் மனம் உடைந்து வருந்தியதை எல்லாரும் கண்டார்கள். ஆனாலும் எட்டு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு அவருடைய அணி கோப்பையை வென்றபோது அவர் களத்தில் இல்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு. தடையின் அளவில் குறை காணவில்லை.

இதற்கு மாறாக, 2024இல் பிரிஸ்பேன் வீரர் சார்லி கேமரன் ஆபத்தான முறையில் எதிரணி வீரரைப் பிடித்து வீழ்த்தியபோது, 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தடையே பெறாதவர் என்பதைக் கருதி, ஓர் ஆட்டத் தடையை அபராதமாகத் தீர்ப்பாயம் மாற்றியது. அது ஓங்கிய கையின் குத்து அல்ல; பந்துக்கான போராட்டத்தில் எல்லை மீறியது. அங்கே பழைய பதிவைப் பார்த்ததை என்னால் ஏற்க முடிகிறது. ஒரு காலத்தில் ஐந்தாண்டு நல்ல பதிவு இருந்தாலே தண்டனையில் 25 சதவீதம் கழிக்கும் முறை அங்கே இருந்தது. செயல் எத்தகையது என்று பாராமல் தள்ளுபடி தருவது எனக்கு உடன்பாடில்லை.

ஒழுங்காக ஆடுவதற்கான மரியாதையை அந்த விளையாட்டு வேறொரு வகையில் கொடுக்கிறது. ஆண்டின் சிறந்த, நேர்மையான வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் அந்த ஆண்டில் தடை பெற்ற எவருக்கும் கிடையாது. 1997இல் கிறிஸ் கிராண்ட் எல்லாரையும் விட அதிக வாக்குப் பெற்றும், ஒரே ஓர் ஆட்டத் தடையால் பதக்கத்தை இழந்தார். ஒரு வாக்குக் குறைவாகப் பெற்ற ராபர்ட் ஹார்வியின் கழுத்தில் அது ஏறியது. கிராண்ட் எவ்வளவு நல்லவர் என்று அன்று யாரும் கேட்கவில்லை.