கொய்யாவ வவ்வால் கடிக்குது, ஆலமரத்துல புகை போட்டு விரட்டலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். ஆயக்குடி பக்கம் ஒன்றரை ஏக்கர்ல தைவான் பிங்க் கொய்யா போட்டிருக்கேன். பழுக்க ஆரம்பிச்சா நைட்டு வவ்வால் வந்து கடிச்சுப் போட்டுட்டுப் போயிருது. குளத்துக்கரை ஆலமரத்துல நூத்துக்கணக்குல தொங்குது, ஊர் பசங்க சில பேர் அதுக்குக் காவல் இருக்காங்க, தீபாவளிக்கு மரத்துப் பக்கம் வெடி போடவே விட மாட்டேங்கறாங்க. மருந்துக் கடைக்காரர் நரம்பு வலை கட்டு, கூடவே சத்தம் போட்டு விரட்டுற மெஷின் ஒண்ணு வாங்குங்கறார். வவ்வால்கிட்டேருந்து பரவுற நிபா காய்ச்சல் பயம் வேற, வீட்ல ஆடு இருக்கு, புள்ளைங்க இருக்கு. மரத்துல புகை போட்டு மொத்தமா விரட்டிட்டா என்ன?

பதில்: வேண்டாம் தம்பி. முன்னாடி பழந்தின்னி வவ்வால எலி, காக்காயோட சேர்த்து தொல்லை கொடுக்கிற பிராணின்னு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல எழுதி வச்சிருந்தாங்க, 2022 திருத்தத்துல அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க, இப்போ அது பாதுகாக்கப்பட்ட உயிரு, கேஸ் ஆகும். அதவிட முக்கியம், விரட்டினாலும் உங்க கொய்யா தப்பாது. அது ஒரே ராத்திரியில பல கிலோமீட்டர் பறந்து இரை தேடுற சாதி, வேற ஊர் மரத்துல தொங்கினாலும் உங்க தோட்டத்துக்கு வரும். மொரிஷியஸ்ல மாம்பழம், லிச்சி காப்பாத்தறோம்னு 2015லயும் 2016லயும் அரசாங்கமே ஆயிரக்கணக்குல கொன்னுச்சு, விளைச்சல் கூடல.

மொதல்ல கடிக்கிறது யாருன்னு பாத்தீங்களா? விடிகாலையில மரத்தடியில போய்ப் பாருங்க. வவ்வால் சாறை உறிஞ்சிட்டு சக்கையைத் துப்பிரும், அந்த உருண்டை உருண்டையான சக்கை கிடந்தா அதுதான். சக்கையே இல்லாம காய் பாதி கொறிச்சுக் கிடந்தா அணிலோ கிளியோ, அதுங்க பகல்ல வர்றது. நடக்கற நஷ்டம் எல்லாத்தையும் வவ்வால் தலையில கட்டுறது நம்ம பழக்கமாப் போச்சு.

அந்த மெஷின் சுத்த ஏமாத்து. பூச்சி தின்ற சின்ன வவ்வால்தான் மனுசக் காதுக்குக் கேக்காத சத்தத்த வச்சு வழி கண்டுபிடிக்கும், ஆலமரத்துல தொங்குற பெரிய வவ்வால் கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் வருது, அதுகிட்ட போய் அல்ட்ராசோனிக்னு ஒரு டப்பாவ மாட்டினா என்ன ஆகப்போகுது, காசுதான் போகும்.

இப்போ நரம்பு வலை. இதப் பத்தி யார் கேட்டாலும் எனக்குக் கோவம் வந்துரும், வரட்டும். தூண்டில் நரம்புல பின்னுன அந்த வலை இருட்டுல எந்த உயிருக்கும் தெரியாது. வவ்வால் இறக்கை மெல்லிசு ஜவ்வு, ஒரு தடவ சிக்குனா துடிக்கத் துடிக்க இன்னும் இறுகும், விடியறதுக்குள்ள கிழிஞ்சிரும், வருசத்துக்கு ஒரே குட்டி போடுற உயிரு, குட்டிய வயித்துல கட்டிக்கிட்டே மாட்டிச் செத்துக் கிடக்கறத நான் பாத்திருக்கேன். வவ்வாலோட நிக்குதா, சாரைப்பாம்பு சிக்கும், கூகை சிக்கும், ரெண்டும் உங்களுக்கு எலி பிடிக்கிற வேலையாள், அதுகள கொன்னுட்டு அப்புறம் அதே கடையில போய் எலி மருந்து வாங்குவீங்க. கடைக்காரருக்கு ரெண்டு வியாபாரம். விலை கம்மிங்கற ஒரே காரணத்துக்காக அத விக்கறவங்கள நான் மன்னிக்க மாட்டேன். வலைதான் வேணும்னா விரல் நுழையாத சின்னக் கண்ணு வலையா, வெள்ளை நிறத்துல, சட்டம் கட்டி விறைப்பா இழுத்துக் கட்டுங்க. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 2021லேருந்து வீட்டுப் பழ மரத்துக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல கண்ணு உள்ள வலை கட்டவே கூடாது.

ஆனா தைவான் பிங்க்குக்கு வலையே தேவையில்ல. காய் எலுமிச்சை சைஸ் வந்ததும் ஒவ்வொரு காய்க்கும் ஃபோம் உறையும் மேல கவரும் போடுங்க, எப்படியும் பழ ஈக்காக நீங்க செய்ய வேண்டிய வேலைதான் அது, ஏன் செய்யலன்னு எனக்குப் புரியல. கூலி ஆகும், ஆகட்டும், நல்ல விலைக்குப் போகும். கவர் போட்டா முழுசா நிக்கும்னு சொல்லல, நஷ்டம் நல்லாக் குறையும். காய் நிறம் திரும்புறப்பவே பறிச்சிருங்க, மரத்துலயே பழுக்க விட்டு வாசம் பரவுனாத்தான் அதுக்கு அழைப்பு.

நிபாவுக்குப் பயந்து மரத்த கலைக்கறதுதான் தப்பு. நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, கடிச்ச பழத்த என்ன பண்றீங்க? ஆட்டுக்குப் போடுறீங்கன்னா இன்னைக்கே நிறுத்துங்க. 1998ல மலேசியாவுல பன்னிப் பண்ணையில நோய் ஆரம்பிச்சதே, வவ்வால் கடிச்சுப் போட்ட பழத்த பன்னிங்க தின்னுதான் இருக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. கையில உறை போட்டுப் பொறுக்கி ஆழமாக் குழி தோண்டிப் புதைங்க. புள்ளைங்க கீழ கிடக்கறத எடுத்துத் தின்னக்கூடாது. பதநீர் இறக்குறவங்க கலயத்து வாய மூடணும், பங்களாதேஷ்ல பச்சை ஈச்சஞ்சாறு குடிச்சுத்தான் பல பேருக்கு வந்துச்சு.

பசங்ககிட்ட சண்டைக்குப் போகாதீங்க, கூட உக்காந்து பேசுங்க. விழுப்புரம் பக்கம் கழுப்பெரும்பாக்கத்துல ஊரே வவ்வாலுக்காக வெடி வெடிக்காம தீபாவளி கொண்டாடுது, உங்க பசங்க செய்றதும் அதே வேலைதான். அடிபட்டுக் கீழ விழுந்தத வெறும் கையால தொட வேண்டாம்னு மட்டும் அவங்களுக்குச் சொல்லுங்க, கடிச்சா உடனே ஆஸ்பத்திரி, வெறிநோய் ஊசி. ஆஸ்துமாவுக்கு வவ்வால் கறின்னு எவனாவது கவண் எடுத்துட்டு வந்தா வனத்துறைக்குப் போன் பண்ணணும். கோடையில குளத்துல தண்ணி நிக்கற மாதிரி பாத்துக்கட்டும், 2020 மே மாசம் கோரக்பூர்ல வெயில் தாங்காம கொத்துக் கொத்தா விழுந்து செத்துச்சு.

இலுப்பை, அத்தி, நாவல் இதெல்லாம் ஊர்ல எத்தனை மிச்சம் இருக்குன்னு பசங்கள விட்டு எண்ணச் சொல்லுங்க. அதெல்லாம் வெட்டுனதாலதான் உங்க கொய்யாவுக்கு வருது. மழை ஆரம்பிச்சதும் குளத்துக்கரையில இலுப்பை நடுங்க, ஆடு கடிக்காம முள்ளு வேலி கட்டுங்க.